கான்கிரீட்டுக்குள் சென்சார்: பச்சை விளக்கை நம்பலாமா?

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளிலேயே புதுக் கம்ப்யூட்டரும் வந்து இறங்குவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. வீடு கட்டும்போதே எந்த அறையில் கம்ப்யூட்டர் டேபிள், எங்கே பிளக் பாயிண்ட், எங்கே மோடம் என்று யோசித்து வயர் இழுத்து விடுகிறோம். இப்போது கம்ப்யூட்டர் துறை இன்னும் ஒரு படி முன்னால் போய், வீட்டின் கான்கிரீட்டுக்குள்ளேயே நுழையப் பார்க்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய டப்பா. மோல்டு போடுவதற்கு முன் அதைக் கம்பியில் கட்டிவிட வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு அது உள்ளே இருந்தபடியே ப்ளூடூத் வழியாக உங்கள் மொபைல் போனுக்குத் தகவல் அனுப்பும். "உங்கள் கான்கிரீட் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதை வீட்டில் இருந்தே பாருங்கள்" என்பது விற்பவர்களின் வாசகம்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நாமக்கல்லில் இருப்பவர்களுக்குச் சென்சார் புதிதும் அல்ல. லாரி எந்த ஊர் செக்போஸ்ட்டில் நிற்கிறது என்று ஜிபிஎஸ் மூலம் வீட்டில் இருந்தே பார்க்கிறோம். கோழிப் பண்ணையில் ஃபாகரை எப்போது ஓட்டலாம் என்று முடிவு செய்ய, வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் காட்டும் மீட்டரைத் தொங்கவிட்டிருக்கிறோம். லாரிக்கும் கோழிக்கும் உள்ளது ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தில் கட்டும் வீட்டுக்கு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டில் சென்சார் வேண்டும். ஆனால் இன்று அதிகம் விளம்பரமாகும் சென்சார், நம் ஊர் வீடுகளுக்கு வரும் நோயைக் கண்டுபிடிக்கும் சென்சார் அல்ல. அது நோயாளிக்கு நல்ல உடம்பு என்று சர்டிபிகேட் கொடுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

மச்சினன் வீட்டு மோல்டு

சித்திரை வெயிலில் என் மச்சினன் மோகனூர் ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு மோல்டு போட்டார்கள். காண்ட்ராக்டர் ஆர்வமுள்ள இளைஞர். இப்படி ஒரு சென்சாரை வாங்கிக் கம்பியில் கட்டியிருந்தார். ஏழாம் நாள் நான் அங்கே போனபோது போனை எடுத்துக் காட்டினார். திரையில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக்.

"பார்த்தீங்களா சார், ஸ்ட்ரென்த் வந்துடுச்சுங்க. நாளைக்குச் சென்ட்ரிங் பிரிச்சிடலாமுங்க" என்றார்.

நான் ஏணியில் ஏறி மேலே போனேன். பாத்தி கட்டியிருந்தார்கள். ஆனால் பாதிப் பாத்திகளில் தண்ணீர் இல்லை. அந்த இடங்களில் கான்கிரீட் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. தலைமுடி அளவில் சில வெடிப்புகளும் தெரிந்தன. தூண்களைச் சுற்றிய சாக்குகள் மொறமொறவென்று இருந்தன. காலையில் ஒரு முறை தண்ணீர் விட்டதாகவும், போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டதால் டேங்கர் வந்தால்தான் மறுபடி விட முடியும் என்றும் வாட்ச்மேன் சொன்னார்.

மச்சினன் என் காதருகில் வந்து, "ஏன் மாமா, மெஷினே சரின்னு சொல்லுதே, அப்புறம் என்ன?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

டப்பா உண்மையில் எதை அளக்கிறது?

கான்கிரீட் காய்வதால் கெட்டியாவதில்லை. இது பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம். சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடத்தும் வேதிவினையால்தான் கெட்டியாகிறது. வினை நடக்க நடக்க வெப்பம் வெளிவரும். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை வினை நடக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் வினை பாதியில் நிற்கும். கான்கிரீட்டின் துளைகளுக்குள் இருக்கும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த வினை ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் பவர்ஸ் 1947இலேயே எழுதிவிட்டார். நாம் தண்ணீர் கட்டுவது, அதாவது க்யூரிங் செய்வது, இதற்காகத்தான்.

இப்போது டப்பாவுக்கு வருவோம். இப்படி வரும் சென்சார்களில் பெரும்பாலானவை அளப்பது ஒன்றே ஒன்றை: வெப்பநிலை. வலிமையை அது அளப்பதில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறது. இந்தக் கணக்குக்கு மெச்சூரிட்டி முறை என்று பெயர். நர்ஸ், சால் என்ற இருவர் பெயரால் அழைக்கப்படும் பழைய சூத்திரம் மிக எளிது. கான்கிரீட்டின் வெப்பநிலையுடன் 10ஐக் கூட்டுங்கள். அதை எத்தனை மணி நேரம் அந்த வெப்பநிலையில் இருந்ததோ அதனால் பெருக்குங்கள். இப்படி வரும் மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மதிப்பெண் இவ்வளவு வந்தால் வலிமை இவ்வளவு என்று முன்கூட்டியே லேப்பில் செய்து வைத்த பட்டியலைப் பார்த்து ஆப் பதில் சொல்கிறது.

வெயில் கொடுக்கும் இலவச மதிப்பெண்

இந்தக் கணக்கை நம் ஊர் வெயிலில் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் 27 டிகிரியில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 37 மதிப்பெண். 37 டிகிரியில் இருந்தால் 47 மதிப்பெண். அதாவது வெயில் ஏற ஏற மார்க் வேகமாக ஏறுகிறது. ஈரம் இருக்கும்வரை இது ஓரளவு உண்மையும்கூட. சூட்டில் வினை வேகமாகத்தான் நடக்கும்.

ஆனால் தண்ணீர் வற்றிவிட்டால்? கான்கிரீட்டுக்குள் வினை நின்றுவிடும். சென்சாருக்கு அது தெரியாது. காய்ந்த கான்கிரீட் வெயிலில் இன்னும் சூடாகும். சூடானால் இன்னும் அதிக மதிப்பெண் சேரும். பரீட்சை எழுதாத மாணவனுக்கு, வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரத்துக்காக மார்க் போடுவதைப் போன்றது இது.

இதை நான் குறையாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மெச்சூரிட்டி முறைக்கான அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் சி 1074லேயே, வினை தொடர்ந்து நடப்பதற்கு ஏற்ற நிலையில் கான்கிரீட்டை வைத்திருந்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆரம்பத்தில் அதிகச் சூட்டில் இறுகிய கான்கிரீட், முதல் சில நாட்களில் முந்தினாலும், பிற்பாடு அடைய வேண்டிய வலிமையில் பின்தங்கிவிடும் என்பதும் அந்தத் துறையில் தெரிந்த விஷயம்தான். ஆப்பின் பச்சை டிக்கில் இவை எதுவும் தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. லேப்பில் போட்ட பட்டியல், அதே சிமெண்ட், அதே அளவு தண்ணீர், அதே ஜல்லி கொண்ட கலவைக்கு மட்டுமே செல்லும். சின்ன வீடுகளுக்கு நாம் மிக்ஸர் மெஷினில், பக்கெட் கணக்கில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிறோம். ஒரு சுற்றில் ஒரு பக்கெட், அடுத்த சுற்றில் "கொஞ்சம் லூசா இருக்கட்டும்" என்று ஒன்றரை பக்கெட். இந்தக் கலவைக்கு யாரும் லேப்பில் பட்டியல் போடுவதில்லை. ஆப்பில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு கலவையைத் தேர்ந்தெடுத்து கிளிக் செய்து விடுகிறார்கள். வேறு ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து நமக்கு மருந்து சாப்பிடுவது போலத்தான்.

யாருக்காக வந்த கருவி?

அப்படியென்றால் இந்த முறை பயனற்றதா? இல்லை. அது பிறந்து வளர்ந்த இடம் வேறு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் மின்நிலையத்துக்காகக் கட்டிய குளிரூட்டும் கோபுரம் 1978 ஏப்ரல் 27 அன்று இடிந்து விழுந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். முதல் நாள் போட்ட கான்கிரீட் குளிரில் போதுமான வலிமை பெறுவதற்கு முன்பே, அதன்மேல் அடுத்த நாள் வேலையின் பாரம் ஏறிவிட்டது என்று விசாரணையில் தெரிந்தது. குளிர் நாடுகளில் இந்த ஆபத்தைத் தடுக்க வெப்பநிலைக் கணக்கு மிகவும் உதவுகிறது. அங்கே எதிரி குளிர். குளிரைக் காட்டத் தெர்மாமீட்டர் போதும்.

நமக்கு எதிரி குளிர் அல்ல, வறட்சி. வெயில், காற்று, வற்றிய போர்வெல், ஞாயிற்றுக்கிழமை வராத ஆள். இவற்றைத் தெர்மாமீட்டர் காட்டாது.

வீட்டுக்காரர் நம்பும் இன்னொரு சாட்சி க்யூப் டெஸ்ட். 15 சென்டிமீட்டர் கட்டிகளாக வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்ப்பார்கள். அந்தக் கட்டி 28 நாளும் தண்ணீரிலேயே சுகமாக மூழ்கிக் கிடந்தது. உங்கள் மாடியில் இருந்த கான்கிரீட் அப்படி இருந்ததா? க்யூப் ரிப்போர்ட் கலவையைப் பற்றிச் சொல்கிறது. நீங்கள் தண்ணீர் கட்டிய லட்சணத்தைப் பற்றிச் சொல்வதில்லை. ஆக க்யூப், வெப்பநிலை சென்சார், காண்ட்ராக்டரின் வாய்வார்த்தை ஆகிய மூன்று சாட்சிகளும் ஈரத்தைப் பற்றிப் பேசாத சாட்சிகள்.

ஈரம் அளக்கும் சென்சார் இல்லையா?

இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் உள்ள ஈரப்பதத்தை அளக்கும் வயர்லெஸ் சென்சார்களும் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நேர் எதிரான கேள்விக்காகச் செய்யப்பட்டவை. அமெரிக்காவில் கான்கிரீட் தரையின்மேல் மரப் பலகையோ வினைல் விரிப்போ ஒட்டுவார்கள். தரைக்குள் ஈரம் இருந்தால் பசை விட்டுவிடும். எனவே "போதுமான அளவு காய்ந்துவிட்டதா?" என்று பார்க்க, தரையின் தடிமனில் மேலிருந்து 40 சதவீத ஆழத்தில் சென்சாரை இறக்கி அளக்கிறார்கள். அதற்கான தரநிலைதான் ஏஎஸ்டிஎம் எஃப் 2170. நம் கேள்வியோ "இன்னும் ஈரமாக இருக்கிறதா?" என்பது.

அதே சென்சாரை நாம் பயன்படுத்தினால் என்ன? இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் போனால் சாதாரண ஹியூமிடிட்டி சிப்கள் தடுமாறும். புதுக் கான்கிரீட்டுக்குள் ஈரப்பதம் 100 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். சென்சார் முகத்தில் நீர் படிந்துவிட்டால் பல நாட்களுக்கு அது 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கான்கிரீட்டின் கடுமையான காரத்தன்மையையும் அது தாங்க வேண்டும். இரண்டாவது, ஆழம். நம் வீட்டு மோல்டு பெரும்பாலும் ஐந்து அங்குலத் தடிமன். வெயில் முதலில் உறிஞ்சுவது மேல்தோலை. சென்சார் நடுவில் இருந்தால், மேலே ஓர் அங்குலம் காய்ந்து வெடித்த பிறகும் அது "ஈரம் உள்ளது" என்றுதான் சொல்லும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் காப்பது அந்த மேல் அங்குலம்தான். கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதும் அதைப் பொறுத்தது.

ரேடியோவுக்குத் தண்ணீர் ஆகாது

கம்ப்யூட்டர் பத்திரிகை என்பதால் வயர்லெஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ப்ளூடூத், வைஃபை இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. ஈரமான கான்கிரீட், அதற்குள் கம்பி வலை, அதன்மேல் பாத்தி நிறையத் தண்ணீர்: இந்த மூன்றும் இந்த அலைகளை நன்றாகத் தடுக்கும். எனவேதான் நல்ல நிறுவனங்கள் டப்பாவை மேற்பரப்புக்கு ஒட்டினாற்போல் வைத்து, ஒரு கேபிளின் முனையில் உள்ள சென்சாரை மட்டும் ஆழத்தில் இறக்கச் சொல்கின்றன. "வீட்டில் இருந்தே பார்க்கலாம்" என்ற விளம்பரத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. ப்ளூடூத் மட்டும் உள்ள சென்சார் என்றால் நீங்களோ உங்கள் ஆளோ போனோடு மோல்டுக்குப் பக்கத்தில் போக வேண்டும். வீட்டில் இருந்து பார்க்க, சிம் கார்டு அல்லது வைஃபை உள்ள தனிப் பெட்டி ஒன்றைச் சைட்டில் வைக்க வேண்டும். அது தனிச் செலவு. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைக் குறைந்த சக்தியில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். லோரா என்ற முறை இதில் இயங்குகிறது. இது அதிகத் தூரம் செல்லும். வாங்குவதானால் இதையும் விசாரியுங்கள்.

எக்ஸெல் சொல்லும் ஜாதகம்

குறை சொல்வது சுலபம். கையில் கம்ப்யூட்டர் இருக்கும் நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதல் வேலைக்கு சென்சாரே தேவையில்லை. எக்ஸெல் போதும்.

புதுக் கான்கிரீட்டின் ஈரமான மேற்பரப்பில் இருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்று கணக்கிட, பால் யூனோ என்பவர் 1998இல் ஓர் எளிய சூத்திரம் வெளியிட்டார். ஒர்க் ஷீட்டில் நான்கு செல்களில் நான்கு எண்களை டைப் செய்திடுங்கள்: கான்கிரீட்டின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம் (30 சதவீதம் என்றால் 0.30), காற்றின் வேகம் (மணிக்குக் கிலோமீட்டரில்). கான்கிரீட் வெப்பநிலையுடன் 18 கூட்டி, 2.5 அடுக்குக்கு உயர்த்துங்கள். இது முதல் எண். காற்றின் வெப்பநிலைக்கும் அதேபோல் செய்து, ஈரப்பதத்தால் பெருக்குங்கள். இது இரண்டாம் எண். முதலில் இருந்து இரண்டாவதைக் கழியுங்கள். காற்றின் வேகத்துடன் 4 கூட்டி, அதனால் பெருக்குங்கள். பிறகு 5ஆல் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்துவிடுங்கள். வருவது ஒரு சதுர மீட்டரில் ஒரு மணி நேரத்தில் ஆவியாகும் தண்ணீர், கிலோவில். அமெரிக்கக் கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் வழிகாட்டுதலில் இந்த எண் 1ஐ நெருங்கினாலே எச்சரிக்கை தேவை.

மூன்று உதாரணங்களைப் போட்டுப் பார்த்தேன்.

மே மாத மதியம்: கான்கிரீட் 35 டிகிரி, காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம், காற்று வேகம் 15. விடை 1.27. ஆயிரம் சதுர அடி மோல்டு என்றால் மணிக்குச் சுமார் 118 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது.

அதே மாதத்தில் மாலை: இரண்டும் 32 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம், காற்று வேகம் 8. விடை 0.53. பாதிக்கும் குறைவு.

ஆடி மாதப் பகல்: இரண்டும் 33 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம், காற்று வேகம் 25. விடை 1.48. மே மாத மதியத்தைவிட அதிகம்!

மூன்றாவது விடை எனக்கே வியப்பாக இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நம் சமவெளியில் வீசும் ஆடிக் காற்று, சித்திரை வெயிலைவிட வேகமாகக் கான்கிரீட்டைக் காய வைக்கும். ஆடியில் நாம் புது வேலை தொடங்குவதில்லை. ஆனால் வைகாசியில் பூமி பூஜை போட்ட வீட்டுக்கு, எங்கேயாவது ஒரு தூணோ பெல்ட்டோ ஆடியில் வந்து விழும். வெயில் குறைந்துவிட்டது என்று நாமும் தண்ணீரைக் குறைத்துவிடுவோம்.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காற்றின் வேகத்தை எந்த வானிலை ஆப்பிலும் பார்க்கலாம். மோல்டு போடும் முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டு, அதிகாலையிலா மாலையிலா என்று முடிவு செய்திடலாம். கொட்டி மட்டம் தட்டியவுடன் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடவும் ஏற்பாடு செய்திடலாம். பல ஆயிரம் ரூபாய் சென்சார் தராத பயனை இந்த ஒரு ஒர்க் ஷீட் தந்துவிடும்.

சாக்குக்கு அடியில் ஒரு காவலாளி

இரண்டாவது, வயர்லெஸ் சென்சார் ஆசை உள்ளவர்களுக்கு. அதைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காதீர்கள். சாக்குக்கு அடியில் வையுங்கள் என்பது என் யோசனை. நமக்குத் தெரிய வேண்டியது உள்ளே எத்தனை சதவீதம் என்பது அல்ல. மேலே ஈரம் இருக்கிறதா, இல்லையா என்பதுதான். ஆம் அல்லது இல்லை. அவ்வளவே.

இதற்கு இரண்டு சிறிய எவர்சில்வர் பட்டைகளை ஓர் அங்குல இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் துண்டில் பொருத்தி, தூணைச் சுற்றிய சாக்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே செருகினால் போதும். சாக்கு ஈரமாக இருந்தால் மின்சாரம் கடக்கும். காய்ந்தால் கடக்காது. இதை இஎஸ்பி 8266 போன்ற வைஃபை போர்டில் இணைத்து, ஒரு மணிக்கு ஒரு முறை படித்து, காய்ந்திருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பச் செய்யலாம். வைஃபைக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாம். போர்டின் விலையும் சில நூறு ரூபாய்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டைகளுக்கு எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் சில நாளில் அரித்துவிடும். படிக்கும் அந்த நொடியில் மட்டும் கொடுக்கும்படி புரோகிராம் எழுத வேண்டும். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த தூணுக்கு மாற்றலாம். புதைத்த சென்சார் புதைத்ததுதான், திரும்ப வராது.

புதுக் கம்ப்யூட்டர்காரர்கள் இதெல்லாம் சிக்கல் என்று நினைத்தால், மூன்றாவது வழி இருக்கிறது. எக்ஸெல்லில் தேதி, நேரம், இடம், ஈரமா காய்ந்ததா, பார்த்தவர் யார் என்று ஐந்து காலம் கொண்ட ஒரு பட்டியல். போனில் ஒரு நாளைக்கு நான்கு அலாரம். ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ. போட்டோவிலேயே நேரம் பதிவாகிவிடும். வெளியூரில் இருப்பவர்கள் வாட்ச்மேனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்.

விற்க வருபவரிடம் கேளுங்கள்

இதற்குப் பிறகும் புதைக்கும் சென்சார் வாங்குவதென்று முடிவு செய்தால், பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஒன்று, இது வெப்பநிலையை மட்டும் அளக்கிறதா, ஈரத்தையும் அளக்கிறதா? இரண்டு, வலிமைக் கணக்கு எந்தக் கலவையின் பட்டியலில் இருந்து வருகிறது, என் கலவைக்கு யார் பட்டியல் போடுவார்கள்? மூன்று, மேற்பரப்பில் இருந்து எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் அளக்கிறது? நான்கு, தகவல் யார் போனுக்குப் போகிறது? காண்ட்ராக்டரின் அக்கவுண்ட்டில் மட்டும் என்றால், பணம் கொடுத்த உங்களுக்கு அதைப் பார்க்க வழியில்லை. ஐந்து, தகவலை சிஎஸ்வி பைலாக என் கம்ப்யூட்டரில் சேவ் செய்திட முடியுமா? வீடு ஐம்பது வருடம் நிற்க வேண்டும். ஆப் அவ்வளவு நாள் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பைல் உங்களிடம் இருந்தால், நாளை ஒழுகும்போது காட்ட ஓர் ஆதாரமாவது இருக்கும்.

தண்ணீருக்குக் காசு யார் கொடுப்பது?

கடைசியாக ஒரு நியாயம். எல்லாப் பழியையும் காண்ட்ராக்டர் தலையில் போட முடியாது. நாம் போடும் ஒப்பந்தத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுகிறோம். அதில் க்யூரிங் என்று தனி வரி இருக்காது. கோடையில் டேங்கர் தண்ணீர், தினமும் ஓர் ஆள் கூலி எல்லாம் அவர் லாபத்தில் இருந்து போகிறது. எது கண்ணுக்குத் தெரியாதோ அதில்தான் எவரும் சிக்கனம் பிடிப்பார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 (2000) இதில் தெளிவாக இருக்கிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். வெயிலும் வறட்சியும் உள்ள இடங்களில் எந்த சிமெண்ட்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்பு சிமெண்ட்டுக்கு 14 நாள்வரை நீட்டிப்பது நல்லது என்கிறது. மூட்டையில் பிபிசி என்று இருந்தால் அது கலப்பு சிமெண்ட். கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் அதுதான். ஆகவே நாமக்கல் வெயிலில், பிபிசி சிமெண்ட்டில், 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "தொடர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தெளிப்பது க்யூரிங் அல்ல. அந்த 14 நாள் தண்ணீருக்கும் கூலிக்கும் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வரி எழுதி, தனியாகப் பணம் கொடுத்துவிடுங்கள். பிறகு கேட்கும் உரிமை உங்களுக்கு வரும்.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒரே வளாகத்தில் சிவில் துறையும் எலெக்ட்ரானிக்ஸ் துறையும் இருக்கின்றன. மேல் ஓர் அங்குலத்தின் ஈரத்தையும் வெப்பத்தையும் சேர்த்து அளந்து, ஈரம் வற்றியவுடன் மதிப்பெண் கூட்டுவதை நிறுத்திக்கொள்ளும் ஒரு சென்சாரை மாணவர்கள் புராஜக்ட்டாகச் செய்தால், அது நம் ஊருக்கான கருவியாக இருக்கும். காய்ந்த கான்கிரீட்டுக்குப் பச்சை விளக்கு எரியாத ஆப் வந்தால், வாங்கச் சொல்லி எழுதும் முதல் ஆளாக நான் இருப்பேன்.

மச்சினன் வீட்டில் அன்று என்ன நடந்தது? இன்ஜினியரை வரவழைத்தோம். சென்ட்ரிங் பிரிக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். டேங்கர் வந்தது. சாக்கு நனைத்து, பாத்தி நிரப்பி, அதன் பிறகு ஒரு நாளும் விடாமல் தண்ணீர் நின்றது. மேலே வந்த வெடிப்புகளுக்குப் பிறகு தனியாகச் செலவு செய்து பூச வேண்டியதாயிற்று. காண்ட்ராக்டர் இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த சைட்டில் எவர்சில்வர் பட்டையை அவரே செருகிப் பார்த்ததாகச் சொன்னார்.

மச்சினன் கேட்டதற்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மெஷின் பொய் சொல்லலை மாப்ளே. சூடு எவ்வளவுன்னு கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொல்லுது. ஈரம் இருக்கான்னு நாமதான் அதுகிட்டக் கேக்கலை."